தொழிற்சாலையில் வைஃபை தடுமாறுகிறதா? அறிகுறி பார்த்துக் காரணம் கண்டறியும் வழிமுறை

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங், சுங்கைப்பட்டாணி, கூலிம் வட்டாரத்தில் ரப்பர் தோட்டங்களை ஒட்டி எழுந்த சிறிய, நடுத்தரத் தொழிற்சாலைகளுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ரப்பர் மரத்தில் நாற்காலி, மேசை செய்யும் பட்டறையிலிருந்து வருகின்றன. பால் வற்றிய மரங்களை 25, 30 ஆண்டுகளில் சாய்த்து மறுநடவு செய்கிறார்கள். சாய்ந்த மரம் பலகையாகி, மருந்தேற்றி, உலர்ந்து, நம்மூர்ப் பட்டறைகளுக்கு வருகிறது. கையுறைத் தொழிற்சாலையிலோ உணவுப் பொருள் பொதி செய்யும் கூடத்திலோ இருப்பவர்களும் இதே வரிசையில் சோதிக்கலாம்; பலகை அடுக்கின் இடத்தில் உங்கள் சரக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

“வைஃபை சரியில்லை” என்ற ஒரே புகாருக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல கோளாறுகள் அடங்கியிருக்கும். பல இடங்களில் முதலாளி செய்வது, கூரையில் இன்னொரு வைஃபை பெட்டி (வைஃபை அலையைப் பரப்பும் கருவி) மாட்டச் சொல்வது. அதைக் கடைசியில் செய்யுங்கள். ஒரே சேனலில், அதாவது ஒரே அலைவரிசைத் துண்டில், இன்னொரு பெட்டி சேர்ந்தால் நெரிசல் கூடுமே தவிர, வேகம் கூடாது. கீழே வருபவற்றில் சில கம்பியில்லா இணைப்பின் கோளாறு. சில நிர்வாகத்தின் கோளாறு. ஒன்று மற்றொன்றின் வேடத்தில் வரும் என்பதால்தான் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்று பிங்

பிரச்சினை நடக்கும் இடத்தில், நடக்கும் நேரத்தில் நில்லுங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து சோதித்தால் பயனில்லை. பிங் என்பது ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பது. கைப்பேசியில் இலவசப் பிங் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு மூன்று முகவரிகளுக்குப் பிங் அனுப்புங்கள்: முதலில் ரௌட்டருக்கு (பட்டறையை இணையத்தோடு இணைக்கும் கருவி), இரண்டாவது, பட்டறைக்குள் கேபிளில் இணைந்திருக்கும் சர்வருக்கு (பதிவுகள் சேரும் கணினி), மூன்றாவது, 8.8.8.8 போன்ற வெளி முகவரி ஒன்றுக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் கொடுங்கள்.

ரௌட்டருக்கே நூறு மில்லிவினாடிக்கு மேல் எடுத்தாலோ, அனுப்பியதில் சில தொலைந்தாலோ, கோளாறு உங்களுக்கும் கூரைப் பெட்டிக்கும் இடையிலோ, பெட்டிக்கும் ரௌட்டருக்கும் நடுவே ஓடும் கேபிளிலோ இருக்கிறது. ரௌட்டர் சில மில்லிவினாடியில் பதில் சொல்லி, வெளி முகவரி மட்டும் தாமதித்தால், இணையச் சந்தாவையோ அதை அடைத்துக்கொண்டிருக்கும் யாரையோ தேடுங்கள். மூன்றுமே நன்றாக இருந்து பார்கோடு படிக்கும் ஸ்கேனர் மட்டும் தவித்தால், மென்பொருளையோ சர்வரையோ பாருங்கள். மூன்று எண்களையும் நேரத்தோடும் இடத்தோடும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும். இந்த நோட்டு பின்னால் முக்கியமாக வரப்போகிறது.

ஷிப்டு மாறும்போது கால் மணி நேரம் எல்லாமே செத்துப்போகிறது

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் வருவதால் குழப்பும்.

அப்போது இணையாத ஒரு கருவியை எடுத்து அதன் ஐபி முகவரியை (வலையில் அந்தக் கருவிக்குக் கிடைக்கும் எண்) பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், ரௌட்டர் அதற்கு முகவரி கொடுக்கவில்லை. கொடுக்க மிச்சம் இல்லாமல் போயிருக்கும். வீட்டுக்கு விற்கும் ரௌட்டரில் வழக்கமான அமைப்பில் அதிகபட்சம் 254 முகவரிகள். சில ரௌட்டர்கள் நூற்றுச் சொச்சம் முகவரிகளை மட்டுமே பகிர்ந்தளிக்கும். கொடுத்த முகவரியை 24 மணி நேரம் திரும்ப வாங்காதபடி பல ரௌட்டர்கள் அமைக்கப்பட்டிருக்கும். இப்போது கணக்குப் போடுங்கள். ஷிப்டுக்கு 90 பேர், மூன்று ஷிப்டு, ஆளுக்கு ஒரு கைப்பேசி: 270. காலை ஷிப்டு வீட்டுக்குப் போன பிறகும் அவர்களுடைய 90 முகவரிகள் பூட்டியே கிடக்கும். இரவு ஷிப்டு வரும்போது ஸ்கேனருக்கே இடமில்லை. போதாததற்கு, 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 தொடங்கி, கைப்பேசிகள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் வெவ்வேறு அடையாள எண்ணைக் காட்டுகின்றன. ஒரே வலையை இரண்டு பெயரில் வைத்திருந்தால், ஒரே கைப்பேசி இரண்டு முகவரிகளைப் பிடித்துக்கொள்ளும்.

தீர்வு எளிது. தொழிலாளர் கைப்பேசிக்குத் தனி வலை அமைத்து, முகவரியை ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் கொடுங்கள். ஸ்கேனர், தராசு, லேபிள் அச்சுப்பொறி ஆகியவற்றுக்கு நிலையான முகவரி ஒதுக்குங்கள்.

முகவரி சரியாகக் கிடைத்தும் பிங் இழுத்தால், இரண்டாவது காரணம்: காற்றில் நெரிசல். வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். பேசுமுன் ஒவ்வொன்றும் சேனல் சும்மா இருக்கிறதா என்று கேட்டு, பிறகு ஏதோ ஒரு சிறு இடைவெளி காத்திருந்து அனுப்புகிறது. இரண்டு கருவிகள் ஒரே கணத்தில் தொடங்கினால் இரண்டும் வீண். மீண்டும் காத்திருக்க வேண்டும். இத்தாலிய ஆய்வாளர் ஜியுசெப்பே பியாங்கி இந்த முறையைக் கணிதமாக வடித்து 2000இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் அடிப்படை நூல்போல் ஆகிவிட்டது. எல்லாக் கருவிகளும் அனுப்பத் துடிக்கும்போது, எண்ணிக்கை கூடக்கூட மோதலும் கூடும் என்பதை அதில் அவர் கணக்கிட்டுக் காட்டினார். வாயிலில் 90 பேர் வெளியே போக, 90 பேர் உள்ளே வர, அத்தனை கைப்பேசியும் ஒரே நேரத்தில் வீட்டுச் செய்தியை இழுக்கும் காட்சிதான் அது.

கைப்பேசியைத் தடை செய்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நேப்பாளத்திலும் வங்காளதேசத்திலும் குழந்தையை விட்டுவிட்டு வந்தவருக்கு ஷிப்டு முடிந்த அந்தப் பத்து நிமிடம் பெரிது. வாயில் பக்கம் ஒரு பெட்டியை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும், உற்பத்திக் கூடம் பயன்படுத்தாத சேனலில், வேகத்துக்கு வரம்பு வைத்து மாட்டுங்கள். அவர்களுக்கும் இணைப்பு கிடைக்கும், ஸ்கேனருக்கும் வழி கிடைக்கும்.

சிக்னல் கோடுகள் நிறைவாக இருக்கின்றன, வேகம் மட்டும் இல்லை

புகார்களில் அதிகம் வருவதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். கோடு காட்டுவது பெட்டியின் குரல் உங்களுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை மட்டுமே. உங்களுக்குப் பேசும் முறை எப்போது வரும் என்பது அதில் தெரியாது.

2003இல் பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் நால்வர் ஒரு விசித்திரத்தைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒரு பெட்டியோடு பேசும் கருவிகளில் ஒன்று மட்டும் தொலைவில் இருந்து மெதுவாகப் பேசினால், பக்கத்தில் இருக்கும் வேகமான கருவிகள் எல்லாம் அதன் வேகத்துக்கே இறங்கிவிடுகின்றன. காரணம், வைஃபை எல்லோருக்கும் சமமாகக் கொடுப்பது பேசும் வாய்ப்பை. பேசும் நேரத்தை அது அளப்பதில்லை. 1500 பைட் கொண்ட ஒரு பொட்டலத்தை, அதாவது தரவுத் துண்டை, நொடிக்கு 54 மெகாபிட் வேகத்தில் அனுப்ப ஏறத்தாழ 0.22 மில்லிவினாடி போதும். அதையே 1 மெகாபிட்டில் அனுப்பினால் 12 மில்லிவினாடி. ஆளுக்கு ஒரு முறை என்று வாய்ப்பு மாறி மாறிப் போனால், மெதுவான கருவி ஐம்பது மடங்குக்கு மேல் நேரத்தை விழுங்கிவிடும். புதிய பெட்டிகளில் இந்த நேரத்தைச் சமமாகப் பங்கிடும் வசதி வருகிறது. அமைப்புப் பக்கத்தில் தேடி இயக்கிவிடுங்கள். பழைய பெட்டிகளில் அது இருக்காது.

ஆகவே உங்கள் கூடத்தில் அந்த மெதுவான கருவி எது என்று தேடுங்கள். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலும், ஒவ்வொன்றின் வேகமும் தெரியும். வழக்கமான குற்றவாளிகள்: காவலர் கொட்டகையிலிருந்து எட்டிப் பிடிக்கும் கைப்பேசி, வேலியோரம் மாட்டிய கம்பியில்லாக் கேமரா, பத்தாண்டுப் பழைய லேபிள் அச்சுப்பொறி. கேமராவுக்குக் கேபிள் போட்டாலே பாதி கூடம் மூச்சுவிடும்.

பிறகு பெட்டியில் 1, 2, 5.5, 11 மெகாபிட் ஆகிய பழைய வேகங்களை அணைத்துவிடுங்கள். அதற்கு முன் பழைய ஸ்கேனர் ஏதாவது அவற்றையே நம்பியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை முதலில் மாற்ற வேண்டும். இந்த ஓர் அமைப்பு ஏன் இவ்வளவு உதவுகிறது என்றால், ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் நொடிக்குப் பத்து முறை “நான் இருக்கிறேன்” என்று அறிவித்துக்கொண்டே இருக்கும், அதுவும் இருப்பதிலேயே குறைந்த வேகத்தில். அலுவலகம், உற்பத்தி, விருந்தினர், கேமரா, முதலாளி என்று ஐந்து பெயர் வைத்து, ஒரே சேனலில் மூன்று பெட்டிகளும் ஒன்றையொன்று கேட்கும்படி மாட்டினால், நொடிக்கு 150 அறிவிப்புகள். 1 மெகாபிட்டில் ஒவ்வொன்றும் இரண்டு மில்லிவினாடிக்கு மேல் எடுக்கும். யாரும் ஒரு வேலையும் செய்யாதபோதே நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பெயர்களை இரண்டாகக் குறையுங்கள்; மூன்றைத் தாண்ட வேண்டாம்.

2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களை மட்டும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பயன்படுத்துங்கள். “அகலத்தை 40 ஆக்கினால் வேகம் இரட்டிப்பாகும்” என்று விற்பனையாளர் சொல்வது பக்கத்தில் யாருமே இல்லாத வீட்டுக்குப் பொருந்தும். தொழிற்பேட்டையில் பக்கத்துப் பட்டறையின் பெட்டியும் உங்கள் காற்றில்தான் பேசுகிறது. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் இழுத்தால் கேண்டீன் மைக்ரோவேவ் அடுப்பையும் சந்தேகியுங்கள். அதுவும் இதே 2.4 அலைவரிசையில் இயங்குகிறது.

பெட்டியின் ஆற்றலை முழுமைக்கு ஏற்றுவதும் வீண். மேடையில் ஒலிபெருக்கி வைத்துப் பேசுபவர் ஊருக்கே கேட்பார்; கடைசி வரிசையில் இருப்பவர் சொல்லும் பதில் மேடைக்கு எட்டாது. ஸ்கேனரின் சிறிய ஆன்டெனா எவ்வளவு எட்டுமோ அந்த அளவுக்குப் பெட்டியின் ஆற்றலையும் இறக்கி வைப்பதே சரி.

அதே மூலை சில நாள் வேலை செய்கிறது, சில நாள் செய்வதில்லை

பலகை அடுக்கைப் பாருங்கள். புதிதாக அறுத்து வந்த ரப்பர் பலகை தண்ணீர் நிறைந்தது; உலர்த்தும் அறையிலிருந்து வெளியே வரும்போது ஈரப்பதம் 10 விழுக்காடு அளவுக்கு இறங்கியிருக்கும். தண்ணீர் இந்த அலைகளை நன்றாக உறிஞ்சும். உலர்ந்த பலகை அடுக்கின் பின்னால் ஓரளவு கிடைத்த சிக்னல், ஈரப்பலகை இறங்கிய அன்று காணாமல் போகும். பெட்டி மாட்டிய ஒப்பந்தக்காரர் வந்து பார்த்த நாளில் கூடம் காலியாக இருந்திருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த கூடம் வேறு.

இதைச் சோதிக்க, கூடம் நிரம்பியிருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். சிக்னல் அளக்கும் செயலியோடு நடந்து, வேலை நடக்கும் ஒவ்வோர் இடத்திலும் இடுப்பு உயரத்தில் கைப்பேசியைப் பிடித்து எண்ணைக் குறியுங்கள். எண் டிபிஎம் என்னும் சிக்னல் வலிமை அளவில், கழித்தல் குறியோடு வரும்; சுழியத்தை நெருங்க நெருங்க நல்லது. ஸ்கேனர் வேலைக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவது -67 அல்லது அதைவிட நல்ல அளவு. மூன்று புள்ளி இறங்கினால் ஆற்றல் பாதி என்று பொருள். ஆகவே -67, -76 இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்கள்போல் தோன்றினாலும் இரண்டாவது எட்டில் ஒரு பங்குதான்.

பெட்டியைப் பலகை அடுக்கின் மேல் மாட்டாமல், ஆட்கள் நடக்கும் இடைவழியின் மேல் மாட்டுங்கள். இரும்பு உத்தரத்துக்கு மேலே ஒளித்து வைக்க வேண்டாம். தகரக் கூரையும் உலர்த்தும் அறையின் உலோகக் கதவும் அலைகளைத் திருப்பி அடிக்கும். கதவு திறந்திருக்கும்போதும் மூடியிருக்கும்போதும் ஒருமுறை அளந்துவிடுங்கள். மரத்தூள் படியும் இடத்தில் காற்றுத் துளை உள்ள வீட்டுப் பெட்டி வெகுநாள் தாங்காது. சூடேறித் தானாக அணைந்து எழும். அப்படி எழுவதும் “சில நாள் வேலை செய்யவில்லை” என்றுதான் புகாராக வரும்.

பலகையை எங்கே அடுக்குவது என்பதற்குத் தரையில் மஞ்சள் கோடு போட்டு, கோட்டைத் தாண்டாமல் அடுக்கினால் சிக்னலும் நிலையாக நிற்கும். இதற்குச் செலவு ஒரு டின் சாயம்.

ஃபோர்க்லிஃப்ட் நகர்ந்தால் இணைப்பு அறுகிறது

ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு மாறுவது கருவியின் முடிவு. பெட்டி அதற்குக் கட்டளையிட முடியாது. யோசனை மட்டும் சொல்லலாம். பல ஸ்கேனர்கள் பழைய பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டு, சிக்னல் முழுக்கச் செத்த பிறகே புதியதைத் தேடுகின்றன. எல்லாப் பெட்டியிலும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே பாதுகாப்பு முறை இருக்கிறதா என்று முதலில் சரிபாருங்கள். அடுத்து, ஆற்றலைக் குறையுங்கள். ஸ்கேனரின் அமைப்பில் மாறும் அளவைத் தீர்மானிக்கும் எண் இருந்தால் -70 அருகில் வையுங்கள். 802.11ஆர் என்னும் வேக மாற்ற வசதியை இயக்கியதும் பழைய ஸ்கேனர் இணையவே மறுத்தால், அதை அணைத்துவிட்டு மேலே செல்லுங்கள்.

யாரோ ஒருவர் கோப்பு ஏற்றினால் எல்லோரும் நிற்கிறார்கள்

ரௌட்டருக்குப் பிங் நன்றாக, வெளிக்கு மட்டும் அரை வினாடி, ஒரு வினாடி என்று ஏறினால் இது. வெளியேறும் வழி குறுகியது. ரௌட்டர் பொட்டலங்களைத் தன்னுள் நீளமாக வரிசையில் நிறுத்திவைக்கிறது. ஸ்கேனரின் சிறு செய்தி அந்த வரிசையின் வாலில் நிற்கிறது. கேமராப் பதிவையும் வடிவமைப்புக் கோப்புகளையும் இணையத்தில் சேமிக்கும் வேலையை இரவுக்குத் தள்ளுங்கள். ரௌட்டரில் வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி இருந்தால் இயக்கி, பதிவேற்ற வேகத்தை உண்மையில் கிடைப்பதில் 90 விழுக்காட்டுக்கு வரம்பிடுங்கள். சந்தாவை உயர்த்துவது இதற்கு அடுத்த படி.

இயந்திரம் ஓடத் தொடங்கினாலோ மழைக்குப் பிறகோ வேகம் விழுகிறது

ஜெராய் மலைப் பக்கம் மாலை இடி இறங்கும் ஊரில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இது பெரும்பாலும் வைஃபை இல்லை, கேபிள். செம்புக் கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது; மோட்டார் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டரின் மின்கம்பியோடு ஒட்டி ஓடக் கூடாது; ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு வெளியில் தொங்கக் கூடாது. கட்டடங்களுக்கிடையே கண்ணாடி இழைக் கேபிள் போடுங்கள். மின்னல் அதன் வழியே ஏறி வராது. கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்சில் 1000 மெகாபிட் காட்ட வேண்டிய இணைப்பு 100 காட்டினால், கேபிள் முனையை வெட்டி மீண்டும் அழுத்திப் பாருங்கள்.

வைஃபை நன்றாகத்தான் இருக்கிறது, தொழிலாளர்கள்தான் மெத்தனம் என்று அறிக்கை சொல்கிறது

இந்த அறிகுறியில்தான் எனக்கு அதிக அக்கறை. இங்கே தவறினால் தண்டனை கருவிக்குப் போகாது, ஆளுக்குப் போகும்.

உப்புத்தாள் தேய்க்கும் பகுதியில் ஓர் அக்காள் ஸ்கேனர் பிடிப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். நாற்காலிக் கால்கள் அடங்கிய பெட்டி வருகிறது. பார்கோட்டின் மேல் சிவப்புக் கோடு விழுகிறது, ஸ்கேனர் ஒலிக்கிறது. திரையில் வட்டம் சுற்றுகிறது. கையுறையில் ஒட்டிய மரத்தூளை ஊதித் தள்ளுகிறார், வட்டம் இன்னும் சுற்றுகிறது. அடுத்த பெட்டி வந்துவிட்டது. பதியவில்லை போலும் என்று முதல் பெட்டியையே மீண்டும் ஸ்கேன் செய்கிறார். இந்த முறை உடனே பதிகிறது. அதன் பின்னால் முதல் பதிவும் போய்ச் சேர்கிறது.

மாலையில் மேற்பார்வையாளர் கேட்கிறார்: “என்ன அக்கா, ஒரே பெட்டியை இரண்டு தடவை பதிந்திருக்கிறீர்கள்?”

“சத்தம் வந்தது தம்பி, ஆனால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏறவில்லை என்று நினைத்துவிட்டேன்.”

அறிக்கையில் அது கவனக்குறைவு என்று ஏறுகிறது. பெட்டிக்குப் பெட்டி இடைவெளி கூடியிருப்பதால் வேகமின்மை என்றும் ஏறுகிறது. உண்மையில் நடந்தது, ரௌட்டருக்குப் போன செய்தி காற்றில் காத்திருந்தது.

மூன்று இடங்களில் சோதியுங்கள். ஒன்று: அறிக்கையில் வரும் நேரம் எங்கே குறிக்கப்படுகிறது? ஸ்கேனர் ஒலித்த நேரமா, சர்வரில் சேர்ந்த நேரமா? சேர்ந்த நேரம் என்றால், அந்த அறிக்கை உங்கள் வைஃபையைத்தான் அளக்கிறது, தொழிலாளியை அளக்கவில்லை. மென்பொருள் கொடுத்தவரிடம் ஒலித்த நேரத்தை அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு: இணைப்பு இல்லாதபோது ஸ்கேனர் பதிவைத் தன்னிடமே சேமித்து வைக்கிறதா? வைக்கும் வசதி இருந்தும் பலர் இயக்குவதில்லை. மூன்று: ஸ்கேனர்கள், சர்வர் எல்லாவற்றின் கடிகாரமும் ஒத்துப்போகின்றனவா? இரண்டு நிமிட வேறுபாடே ஒரு பெட்டியை வந்து சேருமுன்பே அனுப்பப்பட்டதாகக் காட்டிவிடும்.

இவை சரியாகும்வரை அந்த எண்களை வைத்து யாருடைய ஊக்கத்தொகையையும் வெட்டாதீர்கள். அதே தாளில் பக்கத்து நெடுவரிசையில் அந்த மணி நேரத்தின் பிங் அளவையும் எழுதுங்கள். பிங் ஏறிய மணியிலேயே இடைவெளியும் ஏறினால், யாரிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்று தாளே காட்டும். மறுபக்கமும் உண்டு: பிங் சீராக இருந்தும் ஒரே வரிசை தொடர்ந்து பின்தங்கினால், அங்கே பொருள் வந்து சேர்வதில் தடையா, பழுதான இயந்திரமா என்று பாருங்கள். அப்போது வைஃபையைச் சாக்காகச் சொல்ல இடமிருக்காது.

சரி செய்தோம், சில மாதத்தில் அதே பிரச்சினை மீண்டும்

இப்போது நோட்டுப் புத்தகத்துக்கு வருவோம்.

பொருளாதார ஆய்வாளர்கள் நிக்கோலஸ் புளூமும் ஜான் வான் ரீனனும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய நாடுகளின் 732 நடுத்தர உற்பத்தி நிறுவனங்களை எடுத்துக்கொண்டது. 18 நிர்வாக நடைமுறைகளைப் பற்றி மேலாளர்களிடம் தொலைபேசியில் பேசி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டார்கள். அவற்றில் ஒன்று நமக்கு நேரடியாகப் பொருந்தும்: உற்பத்தியில் பிரச்சினை வந்தால் என்ன செய்கிறீர்கள்? வந்தாலும் எதுவும் மாறுவதில்லை என்றால் 1. பிரச்சினையை முறையாக வெளிக்கொணர்வதே ஒவ்வொருவரின் அன்றாடப் பொறுப்பில் அடக்கம் என்றால் 5. மதிப்பெண் உயர்ந்த நிறுவனங்களில் உற்பத்தித்திறனும் லாபமும் உயர்ந்திருந்தன.

மதிப்பெண்ணால் லாபமா, லாபத்தால் மதிப்பெண்ணா என்று கேட்கலாம். அதே புளூமும் சகாக்களும் மும்பைக்கு அருகிலுள்ள துணி ஆலைகளில் சோதனையாகவே செய்து பார்த்தார்கள். சில ஆலைகளுக்கு ஆலோசகர்களை அனுப்பி, இயந்திரம் நின்றதைப் பதிவது, துணியில் வந்த குறையை வகைப்படுத்தி எழுதுவது, பதிவைத் தினமும் கூடிப் பார்ப்பது போன்ற 38 நடைமுறைகளைக் கற்றுக்கொடுத்தார்கள். 2013இல் வெளியான முடிவின்படி முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 விழுக்காடு உயர்ந்தது. சில ஆண்டுகள் கழித்து மறுபடி போய்ப் பார்த்தபோது, ஏற்றுக்கொண்ட நடைமுறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தது. அதற்கு அடிக்கடி சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு: ஆலை மேலாளர் மாறிப்போனார்; இயக்குநருக்கு நேரமில்லை.

நம்மூர்ப் பட்டறையில் வைஃபை திரும்பக் கெடுவதும் இதே வழியில்தான். அமைத்த இளைஞர் பினாங்கில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பெட்டியின் கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டது. புதிதாக வந்தவர் ஒவ்வொரு பெட்டியையும் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பிவிட்டார். அணைத்து வைத்த பழைய வேகங்கள் எல்லாம் உயிர்பெற்றன. யாரோ ஒருவர் தன் மேசைக்கு வீட்டுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து செருகிவிட்டார். அதுவும் முகவரி கொடுக்கத் தொடங்கியது. எந்தத் தேதியில் எது மாறியது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

நோட்டில் எழுத வேண்டியவை அதிகம் இல்லை. கோளாறு என்றால்: நேரம், இடம், கருவி, அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, மூன்று பிங் எண்கள். மாற்றம் என்றால்: தேதி, எந்தப் பெட்டி, எந்த அமைப்பு, பழைய மதிப்பு, புதிய மதிப்பு, யார் செய்தது. ஒவ்வொரு பெட்டியின் சேனலும் ஆற்றலும் குறித்த கூட வரைபடம் ஒன்று முன்பக்கத்தில் ஒட்டியிருக்கட்டும். கடவுச்சொற்கள் மூடிய உறையில் முதலாளியின் பெட்டகத்தில் இருக்கட்டும். நோட்டை வைத்திருப்பவர் கணினிப் பையனாக இருக்க வேண்டியதில்லை. கிராணியோ (எழுத்தர்) ஷிப்டு மேற்பார்வையாளரோ இன்னும் நல்லது, அவர்தான் எப்போதும் கூடத்தில் இருக்கிறார். வாரத்தில் ஒரு நாள், பழுது பார்க்கும் கூட்டத்தில் பத்து நிமிடம் அந்தப் பக்கங்களைப் புரட்டுங்கள். ஒரே இடம், ஒரே நேரம் மூன்று முறை வந்திருந்தால் அங்கேதான் அடுத்த வேலை. ஸ்கேனர் பிடிப்பவரும் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும். வட்டம் எப்போது சுற்றுகிறது என்று அறிந்தவர் அவர்தான்.

உற்பத்தித் துறையை நவீனமாக்க 2018 அக்டோபரில் மலேசிய அரசு தொடங்கிய இண்டஸ்ட்ரி ஃபார்வர்டு கொள்கையும் ஆள், செயல்முறை, தொழில்நுட்பம் ஆகிய மூன்றையும் சேர்த்தே மதிப்பிட்டது. அதுபோன்ற மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு, தேதியோடு நிரம்பிய இந்த நோட்டு கையில் இருந்தால் பேசச் சான்று இருக்கும்.

ஒப்பந்தக்காரர் “எல்லாம் சரியாக இருக்கிறது” என்கிறார்

பெட்டிக்கு நேர்கீழே நின்று, தேநீர் இடைவேளையில் எடுத்த வேகச் சோதனையை ஏற்காதீர்கள். வேலை முடிந்ததற்கான நிபந்தனைகளை விலைப்புள்ளி வாங்கும்போதே எழுதிவிடுங்கள்: கூடம் பலகையால் நிரம்பியிருக்கும் நாளில், எல்லா இயந்திரமும் ஓடும்போது, வேலை நடக்கும் ஒவ்வோர் இடத்திலும் -67க்குக் குறையாத சிக்னல், ஷிப்டு மாறும் கால் மணி நேரத்தில் ரௌட்டருக்கான பிங் எண்கள், ஃபோர்க்லிஃப்டில் ஒரு சுற்று, பிங் ஓடியபடியே, அறுபடாமல். எந்தப் பெட்டி எந்தச் சேனல், எந்த ஆற்றல் என்ற தாளும் நிர்வாகக் கடவுச்சொற்களும் அன்றே கைமாற வேண்டும். அளக்கும்போது ஸ்கேனர் பிடிக்கும் ஒருவரையும் உடன் அழைத்துப் போங்கள். அவர் “இங்கேயும் பாருங்கள்” என்று காட்டும் இடத்திலும் அளந்து, தாளில் எழுதிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.